ஈரத்தில்தான் மூச்சு: மதுரைப் பக்கம் ஐந்து நாள்

முதல் நாள்: கரிமேடு, தெப்பக்குளம்

போன ஆடி மாதம் ஓர் இரவு என் மகளுக்கு மூச்சு இழுத்தது. பன்னிரண்டு வயது. நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். பையில் இன்ஹேலர் மட்டும் எப்போதும் இருக்கும். அந்த இரவுக்கு அப்புறம் எதைப் பார்த்தாலும் "இது எப்படிப்பா மூச்சு விடும்?" என்று கேட்க ஆரம்பித்தாள். சுவரில் பல்லி, தொட்டியில் செம்பருத்தி, ஊறுகாய் ஜாடியில் பூத்த பூஞ்சை, எதையும் விடவில்லை. நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவன். பதில் சொல்லத் தெரியும், ஆனால் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லும் பதில்தான். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை என்று மெதுவாகத்தான் புரிந்தது.

மேலூர்ப் பக்கம் அத்தை வீடு இருக்கிறது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஐந்து நாள் விடுமுறை. திருச்சியிலிருந்து கிளம்பி, காலை பத்து மணிக்கெல்லாம் மதுரையில் இறங்கிவிட்டோம்.

முதலில் கரிமேடு மீன் கடைகள். மழைக்காலம் என்றால் மதுரையில் அயிரை. ஓர் அலுமினியக் குண்டானில் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் கொசகொசவென்று நெளிந்துகொண்டிருந்தன. "உயிரோட இருந்தாத்தாண்ணே அயிரை" என்றார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுபோனதும் தேங்காய்ப் பாலிலோ மாட்டுப் பாலிலோ விட வேண்டும். அதைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கும் சேற்றைக் கக்கிவிடும், அதற்கு அப்புறம் புளிக்குழம்பு. இது மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மகள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். குண்டானின் அடியிலிருந்து ஒரு மீன் விருட்டென்று மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு இறங்கியது. இறங்கும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு பொடிக் குமிழி. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

அயிரை சேர்ந்த மீன் குடும்பத்தின் வித்தை அது. செவுள் இருக்கிறது, ஆனால் சேற்றுத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்போது அது போதாது. அப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். விழுங்கிய காற்று குடலுக்குப் போகும். குடல் சுவரில் நெருக்கமாக ஓடும் ரத்தக் குழாய்கள் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சம் பின்வழியாக வெளியேறும். சாப்பாடும் காற்றும் ஒரே குழாயில். "அப்போ சோறும் மூச்சும் ஒண்ணா?" என்றாள். அயிரைக்கு அவசரத்தில் அப்படித்தான்.

பக்கத்து டிரம்மில் விரால். பாதிக்குத்தான் தண்ணீர், மேலே வலை கட்டியிருந்தது. ரொம்ப ஊற்றினால் துள்ளிக் குதித்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் கடைக்காரரே சொன்னார்: "மேல எடம் விடணும் பாப்பா. காத்துக் குடிக்கலன்னா செத்துரும்." உண்மைதான். விராலுக்குத் தலையில், செவுளுக்கு மேலே காற்றுக்கென்று ஓர் அறை உண்டு. செவுளை மட்டும் நம்பி அது வாழ முடியாது. மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். மகள் டிரம்மை விட்டு நகர ரொம்ப நேரம் ஆனது.

சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது என்பார்கள். தண்ணீர் நிறைய நின்றது, காற்று சுகமாக அடித்தது. கல் படியில் உட்கார்ந்து பொரி போட்டோம். மீன்கள் வாயைத் திறப்பதும் செவுள் மூடி விரிவதும் மாறி மாறி நடந்துகொண்டே இருந்தன. வாய்வழியே தண்ணீர் உள்ளே, செவுள்வழியே வெளியே.

ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மில்லி லிட்டர்கூடத் தேறாது. அந்தக் கொஞ்சத்திலிருந்து மீன் 80 சதவீதம் வரைக்கும் கறந்துவிடும். செவுளில் தண்ணீர் ஒரு பக்கம் போனால் ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. கடைசிவரை ரத்தத்தைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகவே இருப்பதால், போகிற வழியெல்லாம் எடுத்துக்கொண்டே போக முடிகிறது. நாம் 21 சதவீதத்தை இழுத்து 16 சதவீதத்தை அப்படியே வெளியே விடுகிறவர்கள்.

"அப்போ வெளியே எடுத்துப் போட்டா மீனுக்கு நல்லதுதானே? அங்கேதான் நிறைய இருக்கே!"

இதற்குப் பதில் அவள் தலையிலேயே இருந்தது. தண்ணீருக்குள் முங்கினால் முடி விரிந்து மிதக்கும். தலையைத் தூக்கினால் மொத்தமும் பொதபொதவென்று ஒட்டிக்கொள்ளும். செவுள் இழைகளும் அப்படித்தான். வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, அப்புறம் காய்ந்துபோகின்றன. சுற்றிலும் காற்று இருந்தும் அது உள்ளே போக வழியில்லை. ஏனென்றால் ஆக்ஸிஜன் முதலில் ஈரத்தில் கரைய வேண்டும். கரைந்தால்தான் உடம்புக்குள் நுழையும். நமக்கும் இதே கதைதான். நுரையீரலின் காற்றுப் பைகளை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அவ்வளவு இடத்திலும் உள்பக்கம் மெல்லிய ஈரம் பூசியிருக்கிறது. மீன் செவுளை வெளியே வைத்தது, தண்ணீரில் இருப்பதால். நாம் நெஞ்சுக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டோம், காய்ந்துவிடக் கூடாது என்பதால்.

படியில் உட்கார்ந்தபடி அவள் ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள். இந்த ஐந்து நாளும் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. யார் யார் எங்கே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

இரண்டாம் நாள்: கீழக்குயில்குடி

காலையில் வெயில். சமணர் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் முகத்தில் அமைதி கலையவில்லை.

கோயில் வாசலில் பூ விற்ற அக்காவிடம் தாமரை வாங்கினேன். காம்பைக் குறுக்கே ஒடித்து மகளிடம் காட்டினேன். உள்ளே நீளவாக்கில் துளைகள். ஒரு முனையைக் குளத்துத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதச் சொன்னேன். கொப்புளமாகக் குமிழி வந்தது. பூ விற்ற அக்கா, "நாங்க சின்னப் புள்ளைல இதத்தான் ஊதி வெளையாடுவோம்" என்று சிரித்தார்.

தாமரையின் கிழங்கு இருப்பது காற்றே போகாத சேற்றில். கிழங்கும் உயிருள்ளது, அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். சேறு தராது. அதனால் இலைதான் அதை அனுப்புகிறது. வெயிலில் சூடாகும் இலைக்குள் காற்றழுத்தம் கூடி, காம்புத் துளை வழியாகக் காற்று கிழங்குவரை தள்ளப்பட்டு, வேறு துளை வழியாக மேலே திரும்புகிறது. ஓசையில்லாமல் நாள் முழுக்க நடக்கும் வேலை.

இன்னொன்று. மற்ற செடிகளின் இலைத்துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். தாமரை இலை தண்ணீரில் படுத்திருக்கும்போது அடிப்பக்கம் உதவாது. துளைகள் எல்லாம் மேல்பக்கத்தில்தான். மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் துளை அடைபடும், மூச்சு முட்டும். அதனால்தான் அந்த இலைமேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள், விழுந்த துளி ஒட்டாமல் உருண்டோடிவிடும். பற்றில்லாமல் இருப்பவனைத் தாமரை இலைத் தண்ணீர் என்று காலம் காலமாகச் சொல்கிறோம். இலைக்கு அது துறவு அல்ல, சுவாசம். எனக்கு இதை நினைக்க நினைக்க அந்தப் பழமொழிமேல் மரியாதை கூடித்தான் போகிறது.

மலை ஏறும்போது படிக்குப் பக்கத்துப் பாறையில் வெள்ளையும் சாம்பலும் ஆரஞ்சுமாக வட்ட வட்டத் திட்டுகள். பெயின்ட் சிந்தியதாக மகள் நினைத்தாள். அது பாறைப் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் சமைக்கும். பூஞ்சை வீடு கட்டிக் கொடுத்து, பனியையும் மழையையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கும். வேர் கிடையாது. தாதுக்கள் பாறையிலிருந்தும் தூசியிலிருந்தும் மழையிலிருந்தும் வருகின்றன. வெயில் ஏறினால் காய்ந்து, உயிர் போனமாதிரி உறங்கிவிடும். ஒரு தூறல் போதும், திரும்பவும் மூச்சு விட ஆரம்பிக்கும். நாம் கறிக்குழம்பில் போடும் கல்பாசியும் இந்த இனம்தான். அது குளிர்ந்த மலைகளில் மரப்பட்டையில் வளர்வது.

மேலே ஒரு வெட்டுக்கிளி. பாறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது, ஆனால் வயிறு மட்டும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அதன் விலாவில் வரிசையாகப் பொடித் துளைகள், பத்து ஜோடி. அங்கிருந்து கிளைவிட்டுப் போகும் காற்றுக் குழாய்கள் ஒவ்வொரு திசுவுக்கும் நேராகக் காற்றைக் கொண்டுபோகின்றன. ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்குவதே இல்லை. குழாயின் கடைசி நுனியில் மட்டும் ஒரு சொட்டு ஈரம். துளைகளுக்குக் கதவும் உண்டு. வேண்டாதபோது மூடிக்கொண்டால் ஈரம் ஆவியாகிப் போகாது. சுட்டெரிக்கும் பாறையில் வெட்டுக்கிளி பிழைப்பது இப்படித்தான்.

இறங்கி வந்து ஆலமரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். மத்தியானம் மேலூர் பஸ்.

மூன்றாம் நாள்: மாமாவின் வயல்

நேற்று வரும் வழியில் ஒத்தக்கடையில் யானைமலை மழை மேகத்துக்குள் பாதி முழுகியிருந்தது. மேலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடித்ததிலிருந்து, மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. மாமா வயலுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

காலை ஆறரைக்கு மாமாவோடு வயலுக்குப் போனோம். நட்டு ஒரு மாசப் பயிர். வரப்பில் நடக்கும்போது மகள் கால் வழுக்கி வயலுக்குள் இறங்கிவிட்டாள். இறங்கிய இடத்திலிருந்து குபுகுபுவென்று குமிழி. பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் இல்லத்தா, சேறு மூச்சு விடுது" என்றார் மாமா.

அது மீத்தேன். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாக நடக்கும். வயலில் தண்ணீர் கட்டிவிட்டால், மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அதன் பிறகு ஆக்ஸிஜன் இல்லாமலேயே வாழத் தெரிந்தவர்கள் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டம் விடும் மூச்சுதான் மீத்தேன்.

சரி, இந்தச் சேற்றில் நெல் வேர் எப்படிப் பிழைக்கிறது? மாமா ஒரு தூரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிக் கொடுத்தார். நான் இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இதை ஒரு நாளும் கையில் வைத்துப் பார்த்ததில்லை. பழைய வேர்கள்மேல் துருப்பிடித்த கம்பிபோல் செம்மண் நிறப் பூச்சு. புது வேர்களின் நுனி மட்டும் வெள்ளை வெளேரென்று. அந்தப் பூச்சு உண்மையிலேயே துருதான். நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் தாமரைபோலவே காற்று ஓடும் வெற்றிடம் உண்டு. இலையிலிருந்து இறங்கும் ஆக்ஸிஜன் வேர்வழியாகக் கொஞ்சம் வெளியே கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அதோடு சேர்ந்து துருவாகி வேர்மேல் படிகிறது. ஆக, நெல் தனக்கு மூச்சு வாங்குவதோடு நிற்காமல், வேரைச் சுற்றி நூலளவு மண்ணுக்கும் காற்று ஊட்டுகிறது. அதே குழாய்வழியாகச் சேற்றின் மீத்தேன் மேலே ஏறி ஆகாயத்துக்கும் போகிறது.

"கறுத்துப்போய் அழுகுன முட்டை நாத்தம் அடிச்சா வேர் மூச்சுத் தெணறுதுன்னு அர்த்தம் மாப்ள" என்றார் மாமா. "அப்ப தண்ணிய வடிச்சுட்டு ரெண்டு நாளு காயப் போடணும். காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான் பயிரு தெளியும்."

காய்ச்சலும் பாய்ச்சலும். இந்த இரண்டு சொல்லில் இருக்கும் விஞ்ஞானத்தை நான் வகுப்பில் இரண்டு பீரியட் எடுப்பேன். தண்ணீர் கட்டினால் களை அடங்கும், பயிர் வாடாது. காயவிட்டால் மண் வெடித்து உள்ளே காற்று போகும், வேர் ஆழம் பிடிக்கும், தண்ணீர் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். மாமா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அவர் மூக்கும் கண்ணும் படித்திருக்கின்றன.

வரப்பில் உளுந்து போட்டிருந்தார். அதிலும் ஒன்றைப் பிடுங்கச் சொன்னேன். வேர் நெடுக மிளகு அளவில் முடிச்சுகள். மகள் பூச்சி முட்டை என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். ஒரு முடிச்சை நகத்தால் கீறி அவள் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, ரத்தம் கலந்த தண்ணீர்போல.

"ரத்தமாப்பா?"

ரத்தத்துக்குச் சொந்தக்காரன். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவு, லெக்ஹீமோகுளோபின். அந்த முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். உளுந்தின் இலையைச் சுற்றி, நம்மைச் சுற்றி, எங்கும் அதுதான். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துச் சாப்பிட முடியாது. ரைசோபியம் முடியும். காற்றின் நைட்ரஜனை உளுந்துக்கு ஏற்ற சத்தாக மாற்றிக் கொடுக்கிறது. உளுந்து பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. இதில் ஒரு சிக்கல். அந்த மாற்றும் வேலையைச் செய்யும் நொதியில் ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் பாக்டீரியா உயிர்வாழவும் அந்த வேலைக்குச் சக்தி எடுக்கவும் ஆக்ஸிஜன் வேண்டும். இருந்தாலும் ஆகாது, இல்லாவிட்டாலும் ஆகாது. நடுவில் நின்று அளந்து அளந்து கொடுப்பதுதான் அந்தச் சிவப்பின் வேலை. கீறினால் சிவப்பாக இருக்கும் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் ஓய்ந்துவிட்டது.

மாமா வீட்டு மூலையில் யூரியா மூட்டை இருந்தது. 45 கிலோ, அதில் நைட்ரஜன் 46 சதவீதம். அதுவும் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன்தான். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் செய்கிறார்கள். உளுந்து வரப்பு ஓரத்தில், மழை ஈரத்தில், செய்துகொண்டிருக்கிறது. யூரியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மாமாவுக்கு அது வேண்டும். ஆனால் நெல்லுக்கு முன்னால், உளுந்துபோலவே வேரில் முடிச்சு வைக்கும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழும் வழக்கம் அவர் அப்பா காலத்தில் இருந்ததாம், இப்போது விட்டுப்போயிற்று என்றார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷமாவது ஒரு வயலில் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது தூறல். வரப்பில் ஒரு மண்புழு. மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். மூக்கு இல்லை, செவுள் இல்லை, நுரையீரல் இல்லை. தோல் முழுக்கவும் ஈரம், அதில் கரைந்து இறங்கும் ஆக்ஸிஜன் நேராக ரத்தத்துக்கு. வெயிலில் காய்ந்தால் தோல் அடைபட்டுச் சாகும். வாயோ மண்ணையும் மக்கிய இலையையும் விழுங்கி, அதிலிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எருவாக வெளியே தள்ளும். "கை காய்ஞ்சிருந்தா இதுக்கு வலிக்கும்" என்று சொல்லி உள்ளங்கையை வாய்க்கால் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் அத்தை வீட்டு முற்றத்தில் துளசிக்குப் பக்கத்தில் ரணகள்ளி இருப்பதைப் பார்த்தேன், இலை விளிம்பிலிருந்தே குட்டிச் செடி முளைக்குமே, அது. இலை விளிம்பில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தோம், இருவரும். லேசான கசப்பு, மற்றபடி சப்பென்று இருந்தது. உடனே துப்பிவிடச் சொன்னேன். சாப்பிடும் கீரை இல்லை அது. "காலைல பார்ப்போம்" என்றேன். அத்தை, "ஏய்யா, புள்ளைக்குக் கண்டத எல்லாம் குடுக்குற" என்று கோபித்துக்கொண்டார்.

நான்காம் நாள்: அழகர் மலை

விடிகாலை ஐந்தரைக்கு மகள்தான் என்னை எழுப்பினாள். ரணகள்ளி. நேற்றுச் சப்பென்று இருந்த அதே இலை இப்போது புளித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு துப்பினாள்.

இதை முதலில் எழுதிவைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். இந்தச் செடியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-ல் லண்டனில் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது.

எந்த இலையும் கரியமில வாயு எடுக்கத் துளையைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் போகும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகவே போகிறது. வறண்ட மண்ணில் இது கட்டுபடியாகாது. அதனால் ரணகள்ளி, கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, பிரண்டை போன்றவை ராத்திரி குளிர்ச்சியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கி அடுக்கி வைத்துக்கொள்கின்றன. பகலில் கதவைச் சாத்திவிட்டு, சேமித்ததை எடுத்து வெயிலில் சமைக்கின்றன. விடிகாலையில் கிடங்கு நிறைந்திருக்கும், அதனால் புளிப்பு. சாயங்காலம் காலி. அத்தையும் ஒரு துணுக்கு வைத்துப் பார்த்தார். "அட ஆமா" என்றவர், நேற்றைய கோபத்தை விட்டுவிட்டார்.

அழகர் கோயிலில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மலைப்பாதையில் பழமுதிர்சோலைக்கு மேலே நூபுர கங்கை வரை நடந்தோம். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஈரமும் நிழலுமாக இருந்த அந்த வழியில் மகளுக்கு ஏற்றத்தில் கொஞ்சம் இளைத்தது. உட்கார்ந்து, இன்ஹேலர் எடுத்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி ஏறினோம். மூச்சுக் குழாயின் தசை இறுகி, உள்பக்கம் வீங்கி, வழி குறுகிப்போகிறது. நுரையீரலில் 70 சதுர மீட்டர் காத்திருக்கிறது, காற்றுதான் அங்கே போய்ச் சேர முடியவில்லை. இன்ஹேலர் செய்வது அந்தத் தசையைத் தளர்த்துவது. இதை அவளே என்னிடம் சொன்னாள், தாமரைக் காம்பை உதாரணம் காட்டி.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு மாமரத்தில் புல்லுருவி, கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூவோடு. உழைக்காமல் ஒட்டிக்கொண்டு பிழைப்பவனைத் திட்டும் சொல் இது. ஆனால் அதற்குப் பச்சை இலை இருக்கிறது, தன் சர்க்கரையைத் தானும் சமைக்கிறது. மாமரத்துக்குள் வேர்போல் ஓர் உறுப்பை இறக்கி அது எடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் தாது உப்பும்தான். அதுவே மிஞ்சிப்போனால் மரம் நலியும், அது வேறு. சந்தன மரம்கூட மண்ணுக்கடியில் பக்கத்து மரங்களின் வேரைத் தொட்டு உறிஞ்சுவதுதான், அதை யாரும் திட்டுவதில்லை.

இறங்கும் வழியில், ரோட்டோரம் ஆளுயரப் புற்று ஒன்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்று சொல்லிச் சொல்லி, புற்று என்றாலே பாம்பு என்று ஆகிவிட்டது. எடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

கறையான் காய்ந்த மரத்தையும் சருகையும் தின்கிறது, ஆனால் இந்தப் புற்றுக் கறையானுக்கு அதைத் தனியாகச் செரிக்கத் தெம்பில்லை. அரைத்து, எச்சமாக்கி, அதைப் புற்றுக்குள் தேன்கூடுபோல் அடுக்குகிறது. அதில் ஒரு காளான் வளர்க்கிறது. காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. செரிக்கும் நீரை வெளியே சுரந்து, கரைந்ததை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். அது பதப்படுத்தியதைக் கறையான் தின்கிறது. மழை கண்டதும் புற்றை முட்டிக்கொண்டு குடை விரிப்பதே நாம் சமைக்கும் புற்றுக்காளான். காளான் வயிறு, கறையான் பல். இரண்டும் சேர்ந்து ஒரு பிராணி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பிராணி மூச்சும் விடுகிறது. லட்சக்கணக்கான கறையானும் காளானும் விடும் கரியமில வாயு உள்ளே தேங்கினால் எல்லாம் சாகும். பெங்களூரில் இதே மாதிரிப் புற்றுகளுக்குள் கருவி வைத்து அளந்து, எல். மகாதேவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-ல் எழுதினார்கள். பகலில் புற்றின் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, நடுப்பகுதி குளிர்ந்திருக்கிறது. காற்று மடிப்பு வழியே மேலேறி நடுவே இறங்குகிறது. ராத்திரி வெளிப்பக்கம் முதலில் குளிர, ஓட்டம் தலைகீழாகிறது. சுவரோ நுண்துளை நிறைந்த மண். பகலில் சேர்ந்த கரியமில வாயு ராத்திரியில் குறைந்துவிடுகிறது. பகலும் இரவும் சேர்ந்து ஒரு மூச்சு.

மகள் புற்றின் மடிப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்குப்பா" என்றாள். பிறகு யாரும் சொல்லாமலே கும்பிட்டாள்.

ராத்திரி அத்தை வீட்டில் ஆட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டோம். நிமிஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ தூரத்து இடிபோல் ஓர் உருமல். அசை போடும் வயிறு புல்லைப் புரட்டும் சத்தம். அங்கேயும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்கவைக்கின்றன, அங்கேயும் மீத்தேன். அதை ஆடு ஏப்பமாக விடுகிறது. வயல் சேற்றின் மூச்சு இங்கே ஆட்டின் வாயில்.

ஐந்தாம் நாள்: கண்மாய்

ஊருக்குக் கிளம்பும் முன் விடிகாலையில் கண்மாய்க் கரைக்குப் போனோம். மாமா கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் மீன்கள் வாயை மேலே வைத்து விட்டு விட்டுக் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. அயிரையோ விராலோ இல்லை. செவுளை மட்டும் நம்பும் கெண்டைகள். பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும், ராத்திரியில் அவையும் மூச்சு விட்டு அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்த இடத்தில் வெளிச்சமும் உள்ளே போகாது, காற்றும் கலக்காது. அதன் மக்கிய இலைகளோ இருக்கும் கொஞ்சத்தையும் தின்னும்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, கைக்கு எட்டிய வரை ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். நானும் இறங்கினேன். மகள் கரையில் நின்று ஒரு நீளக் கம்பால் இழுத்துக் குவித்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அவ்வளவுதான் முடிந்தது. மற்றதை ஊர் கூடித்தான் எடுக்க வேண்டும், பொங்கலுக்கு முன்னால் எடுப்போம் என்றார் மாமா. வெயில் ஏற ஏற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின.

மதுரை வந்து பஸ் மாறும்போது வைகைப் பாலத்தைக் கடந்தோம். அங்கேயும் ஆற்றின் பாதிக்கு மேல் அதே பச்சை. மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

அத்தை ஒரு ரணகள்ளி இலையை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். திருச்சி வந்து சேர்ந்ததும் மகள் அதை மொட்டை மாடித் தொட்டியில் ஈர மண்மேல் படுக்க வைத்தாள். மேலே மண் போடவில்லை. இலை விளிம்பில் இரண்டு பள்ளங்களில் கடுகளவு பச்சை தெரிகிறது. காலையில் புளிக்குதா என்று கிள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், வேர் விடட்டும் என்கிறாள்.